இதயத் தசையும் புகையிலை நஞ்சும்

உழவர் பெருமக்கள் புகையிலையை இரு வகையில் அறிவார்கள். பயிரில் அசுவினி கண்டால் அந்நாளில் தெளித்து வந்த புகையிலைக் கசாயம் ஒன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகுமுன் வெற்றிலையுடன் வாயில் அடக்கிக் கொள்ளும் புகையிலை மற்றொன்று. இரண்டிலும் வேலை செய்யும் பொருள் ஒன்றே. அதன் பெயர் நிகோடின். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் இந்த நஞ்சு, நம் இதயத் தசையை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரைச் சமவெளிக்குப் புகையிலை புதிதன்று. 1985 வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல் பகுதி, புகையிலைக்குப் பேர்போனது. அங்கு வேடசந்தூரில் 1948-லேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையும் நம் பக்கத்துப் பயிரே. வெற்றிலையுடன் சேரும் புகையிலைதான் இங்கு நம் கவலை.

இதயத்தில் நடப்பது என்ன?

இதயம் ஓயாது உழைக்கும் ஒரு தசை. நிமிடத்திற்குச் சுமார் 70 முறை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது துடிக்கிறது. நிகோடின் இரத்தத்தில் கலந்ததும் நரம்புகளையும், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியையும் தூண்டுகிறது. அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற சுரப்புகள் மிகுதியாக வெளிப்பட்டு, இதயத் தசையை வேகமாகவும் வலுவாகவும் சுருங்கச் செய்கின்றன. இரத்த அழுத்தமும் உயர்கிறது. நிமிடத்திற்கு 10 துடிப்பு கூடினாலே, 10 மணி நேரத்தில் 6,000 துடிப்புகள் அதிகமாகும்.

உழைப்பு கூடினால் இதயத் தசைக்குப் பிராணவாயுவும் கூடுதலாக வேண்டும். ஆனால் அதைக் கொண்டுவரும் இரத்தக் குழாய்களையும் நிகோடின் சுருக்கிவிடக் கூடும். பீடி, சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகையின் மற்ற நஞ்சுகள் குழாய்ச் சுவரைப் புண்ணாக்கி, இரத்தம் உறைய வழி செய்கின்றன. பார வண்டி இழுக்கும் மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டுத் தார்க்குச்சியால் குத்தி விரட்டுவது போன்றது இது. குழாய் அடைபட்டால் அப்பகுதித் தசை மடிகிறது. வெட்டிய கரும்பு மறுதாம்பு விடும். மடிந்த இதயத் தசை அவ்வாறு தழைப்பதில்லை, வடுவாகவே நின்றுவிடும்.

மெல்லுவதால் கேடில்லையா?

"நான் புகைப்பதில்லை, போயிலைதான் போடுகிறேன்" என்பவர்கள் உண்டு. மெல்லும்போது நிகோடின் மெதுவாக ஏறினாலும், நெடுநேரம் இரத்தத்தில் தங்குகிறது. உடன் சேர்க்கும் சுண்ணாம்பு, கன்னத்தின் உட்தோல் வழியே அது எளிதில் உட்புக உதவுகிறது. 52 நாடுகளில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், புகையிலை மெல்லுவோருக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் 2 மடங்கும், பீடி புகைப்போருக்கு சுமார் 3 மடங்கும், புகைப்பதும் மெல்லுவதும் சேர்ந்தோருக்கு சுமார் 4 மடங்கும் இருந்தது.

கைக்கொள்ள வேண்டியவை

1. பனி ஈரமுள்ள புகையிலைச் செடியைத் தொட்டால் நிகோடின் தோல் வழியே ஏறும். தலைசுற்றல், வாந்தி, படபடப்பு உண்டாகும். ஈரம் உலர்ந்த பிறகு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து ஒடிக்கவும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கவும்.

2. புகையிலைக் கசாயத்தை "இயற்கை மருந்துதானே" என்று எண்ணி அலட்சியமாகக் கையாள வேண்டாம். நிகோடின் சல்பேட் பூச்சிமருந்தை நம் நாட்டில் பயன்படுத்தத் தடை உள்ளது.

3. நடுநெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை கண்டால் வாயுக் கோளாறு என்று சோடா குடித்துப் படுத்துவிட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். "இதயம் காப்போம்" திட்டத்தின்கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகள் தரப்படுகின்றன. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது.

4. புகையிலையை விட விரும்புவோர் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். முதல் வாரம் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும். பின்னர் படிப்படியாகத் தணியும்.

புகைப்பதை நிறுத்திய சிறிது நேரத்திலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஓராண்டில், புகைப்பதால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பயிரைக் காக்க முன்கூட்டியே பார்க்கும் உழவர்கள், தம் நெஞ்சையும் முன்கூட்டியே காத்துக்கொள்ள வேண்டும்.