ஊர் பார்க்க வருகிறார்கள், பணம் கொட்டுகிறது!

வெளிநாட்டுப் பணம் வேண்டுமானால், ஒரு நாடு துணியோ தேயிலையோ கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். எதையும் அனுப்பாமலே பணம் தரும் தொழில் ஒன்றும் உண்டு. அதுதான் உல்லாசப் பயணம்!

கடலும் மலையும் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளிநாட்டார் வந்து பார்ப்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

146 கோடி!

1950-ம் ஆண்டில் உலகம் முழுவதும் நடந்த வெளிநாட்டுப் பயணங்கள் சுமார் 2½ கோடி. 2019-ல் இது சுமார் 146 கோடி ஆயிற்று. ஜெட் விமானம் வந்ததே முக்கிய காரணம். கப்பலில் பல நாள் பிடித்த பயணம் சில மணி நேரத்தில் முடிந்தது.

பயணிகளில் பாதிப் பேர் போவது ஐரோப்பாவுக்கு. அங்கே நாடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் ஒரு நாட்டில் ரெயில் ஏறினால், மாலையில் இன்னொரு நாட்டில் இறங்கலாம்.

2024-ல் பிரான்சு நாட்டுக்கு 10 கோடிப் பேர் வந்தார்கள். அந்த நாட்டின் ஜனத்தொகையைவிட இது அதிகம்! ஆனால் வருமானத்தில் முதலிடம் அமெரிக்காவுக்குத்தான். தூரத்தில் இருந்து வருகிறவர் பல நாள் தங்குவார். அதிகம் செலவு செய்வார்.

மாசி விற்ற தீவு

பெரிய நாடுகளுக்கு இது பல தொழில்களில் ஒன்று. சின்ன நாட்டுக்கோ இதுவே உயிர். மாலத்தீவைப் பாருங்கள்.

சூரை மீனை அவித்து, புகை போட்டு, காயவைத்த மாசிக் கருவாடுதான் அங்கே முக்கிய வியாபாரம். அதை வாங்கியது இலங்கை. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அந்த இறக்குமதியை வெட்டியது. மாலத்தீவு தவித்தது.

அந்த நேரத்தில், 1972-ல், அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது. வெள்ளை மணலும் நீலக் கடலும் காசாக மாறின! ஜனத்தொகை சுமார் 5 லட்சம். 2024-ல் வந்த பயணிகளோ 20 லட்சத்துக்கு மேல்!

விமானம் நின்றது

2020-ல் கொரோனா பரவியது. நாடுகள் எல்லைகளை மூடின. உலகப் பயணங்கள் அந்த ஆண்டு சுமார் 40 கோடியாகச் சரிந்தன.

மார்ச் கடைசியில் மாலத்தீவும் கதவை மூடியது. ஜூலை 15-ந் தேதிதான் திறந்தது. சமையல்காரர், படகோட்டி, அறை பெருக்குகிறவர் எல்லோருடைய பிழைப்பும் ஆட்டம் கண்டது.

2024-ல் உலகப் பயணங்கள் மறுபடியும் 140 கோடியைத் தொட்டன. மாலத்தீவிலும் கூட்டம் நிறைந்தது. ஆனால் அந்தத் தீவு இரண்டு முறை பாடம் படித்திருக்கிறது. முதலில் கருவாட்டை மட்டும் நம்பியது; பிறகு பயணியை மட்டும் நம்பியது.

விருந்தாளி வருவது நல்லதுதான். விருந்தாளியை மட்டும் நம்பி உலை வைக்கலாமா?