கழுத்துக் கட்டியை அலட்சியம் செய்யலாமா?

கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றியத்துத் தாய்மார் கூட்டமொன்றில், ஒரு தாய் தம் சிறுமியின் கழுத்தில் நெல்லிக்காயளவு கட்டியைக் காட்டி, "வலியே இல்லை ஐயா, மூன்று மாதமாகப் பச்சிலை வைத்துக் கட்டுகிறோம்" என்றார். வலியில்லாமையே ஐயத்திற்கு இடந்தருவது என்பதை அன்று விளக்கினோம்.

முன்னோர் கண்டமாலை என்ற இந்நோய், பெரும்பாலும் காசநோய்க் கிருமி நிணநீர்க் கணுக்களில் தங்குவதால் விளைவது. சொத்தைப் பல், தொண்டைப் புண், தலைச் சிரங்கு ஆகியவற்றாலும் கணுக்கள் வீங்கும். அவை விரைவில் வடிந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேலும் வடியாமல், இரண்டு சென்டிமீட்டர் அளவிற்கு வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பின் ஐயுற வேண்டும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேரலாம், சேராமலும் இருக்கலாம்.

மருத்துவர் முதலில் சாதாரணக் கிருமிகளுக்கான மருந்தளிப்பார். அதற்கும் குறையாவிடில், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்து, உருப்பெருக்கியிலும் கிருமியின் மரபணுவைக் காணும் கருவியிலும் சோதிப்பர். இதுவே நோயை உறுதி செய்யும் வழி. கையில் போடும் மாண்டோ ஊசி, கிருமி உடலிற் புகுந்துள்ளதை மட்டுமே உணர்த்தும்; நோயை அது தனித்து உறுதிசெய்யாது. மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தல் நலம்.

"பி.சி.ஜி. போட்டிருக்கிறோமே" என்பர் சிலர். அவ்வூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயினின்று பெரிதும் காக்கும். எல்லா வகையையும் தடுக்காது. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த நம் கிராமங்களில் தொடங்கிய பேராய்வே, பெரியோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று உலகிற்குக் காட்டிற்று.

நோய் உறுதியானால் அஞ்ச வேண்டுவதில்லை. பொதுவாக ஆறு மாத மருந்து. அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. 1956-ல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாமென 1959-ல் நிலைநாட்டிற்று. ஊட்டத்திற்கென வழங்கும் தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருந்துண்ணும்போது கட்டி சிலகாலம் பெரிதாகலாம். அது கண்டு மருந்தை நிறுத்தலாகாது.

கணுக்களில் மட்டும் உள்ள காசம் பிறருக்குப் பரவுவதில்லை. எனவே குழந்தையைப் பள்ளியினின்று நிறுத்தற்க. ஆனால் அக்குழந்தைக்குக் கிருமியைத் தந்தவர் வீட்டிலேயே இருமிக்கொண்டிருக்கக்கூடும். ஆதலின் குடும்பத்தார் அனைவரும் சோதித்துக்கொள்ளுதல் கடமையாகும்.

கிராமத் தலைவர்களும் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளரும், இத்தகைய கட்டியைக் கண்டதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுவார்களாக. பச்சிலையிலும் சூடு போடுவதிலும் கழியும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பே.