பள்ளிக்கூடத் தோட்டமும் கோடை விடுமுறையும்

வானொலியில் கேட்டு ஆடுதுறை 27 நெல்லை நட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்த தஞ்சாவூர்ச் சீமை இது. இன்றைக்கு நெல் இல்லை, பள்ளிக்கூடத்துக் காய்கறித் தோட்டம் பற்றிப் பேசலாம்.

1982 ஜூலை 1-இல் வந்தது சத்துணவுத் திட்டம். அரிசி, பருப்பு அரசாங்கம் தருகிறது. காய்கறியை உள்ளூரில்தான் வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய் என்பது கணக்கு. 60 பிள்ளைகளுக்கு 3 கிலோ. விலை ஏறிவிட்டால் சாம்பாரில் காயைத் தேடித்தான் பிடிக்கணும். தோட்டம் இருந்தால் எல்லா நாளும் இல்லாவிட்டாலும், சில நாளாவது கீரையும் முருங்கையும் தட்டில் விழும்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆடியில் வேலி கட்டிப் பாத்தி போட்டார்கள். பங்குனி வரை நல்ல விளைச்சல். விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் காய்ந்த குச்சியும் ஆட்டுப் புழுக்கையும்தான்! யாரை நோவது? மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலத்தில்தான் பள்ளியில் பிள்ளைகளும் இல்லை. சமையல் இல்லாததால் அரிசி களைந்த தண்ணீரும் கிடையாது.

அடுத்த வருஷம் ஊரார் வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். முருங்கையும் பப்பாளியும் பிழைத்துக்கொண்டன. கீரையை விட்டுவிட்டார்கள். அதுவும் சரிதான், 25 நாளில் வருகிற சிறுகீரையை ஜூனில் மறுபடி விதைத்துக்கொள்ளலாமே.

முருங்கைக்கு நம்ம களிமண் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிப்போகும். ஒன்றரை அடி மேடு போட்டு, மணலும் தொழுவுரமும் கலந்து, பி.கே.எம். 1 விதையை இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். கம்பளிப்பூச்சி அடை அடையாக மரத்தில் ஒட்டியிருந்தால் பெரியவர்கள்தான் அழிக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அன்றைக்கே பறித்துச் சமைக்கிற இடம் அது.

விதைக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால், சித்திரையில் யார் யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஊர்க்கூட்டத்தில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.