அரசூரில் பிடிபட்ட ஆட்டுக்கொல்லி

ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் போன கால்நடைத் துறையினர், சில வாரம் கழித்து வந்து அதே ஆடுகளின் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துப் போகிறார்களே, எதற்கு என்று திண்டிவனம் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அதற்கான பதில் அவருடைய மாவட்டத்திலேயே தொடங்குகிறது.

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அரசூர். 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் வெள்ளம் அங்கே சாலையை மூழ்கடித்துப் போக்குவரத்து நின்றபோது அந்தப் பெயர் எல்லாச் செய்திகளிலும் அடிபட்டது. கால்நடை ஆராய்ச்சியாளர்களுக்கோ அது 1987 முதலே பழகிய பெயர். தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்படாத காலம் அது. அரசூர்ச் செம்மறிகளுக்குக் கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல். பார்த்தால் மாட்டு வெக்கை நோய் மாதிரியேதான் இருந்தது. ஆடுகளுக்கு இப்படி வந்தால் வெக்கை என்று எழுதி மூடிவிடுவதே அதுவரை வழக்கம். வெக்கையும் ஆட்டுக்கொல்லியும் நெருங்கிய உறவுடைய வைரஸ்களால் வருபவை. வெக்கைக்கான தடுப்பூசியே இதையும் ஓரளவு தடுத்துவந்ததால் வித்தியாசம் எளிதில் தெரியவில்லை. அரசூரில் சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942-இல் முதலில் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் இருப்பது அப்படித்தான் முதன்முதலாக உறுதியானது.

அங்கே பிரித்தெடுத்த வைரஸுக்கு ‘அரசூர் 87’ என்று பெயர். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியே தயாரித்தது. ஊர் ஆட்டைக் கொன்ற கிருமி ஊர்ப் பெயரோடு ஊர் ஆட்டைக் காக்க வந்த கதை இது. விழுப்புரம் மாவட்டப் பள்ளிப் பாடத்தில் அது இடம்பெற வேண்டும்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். ஊசி பலித்தால் ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைக் கண்டுபிடிக்க உத்தராகண்டின் முக்தேஸ்வரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சோதனை ஒன்று இருக்கிறது. போட்டி எலிசா என்று பெயர். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், குழியின் அடியில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். ஆட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு, ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்பொருளையும் விடுவார்கள். ஆய்வகத்து எதிர்ப்பொருள் ஒட்டினால்தான் கடைசியில் நிறம் வரும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, ஆட்டின் சொந்த எதிர்ப்பொருள் இருக்கைகளைப் பிடித்துவிட்டால் ஆய்வகத்துக்காரர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே நிறம் ஏறிய குழிக்குரிய ஆட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. வெளுத்த குழிக்குரிய ஆடு தேறிவிட்டது. பல குழிகளில் நிறம் ஏறினால், மருந்து வழியில் எங்கோ குளிர்ச்சி இழந்ததா என்று தேட வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் இந்த மருந்து வீணாகிவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. எதிர்ப்பொருள் ஊசியால் வந்ததா, நோய் வந்து தேறியதால் வந்ததா என்று அது சொல்லாது. ஊசி போட்ட மந்தைக்குள் வைரஸ் நடமாடினாலும் ரத்தம் காட்டிக்கொடுக்காது.

அங்கேதான் மான்கள் உதவிக்கு வருகின்றன. காட்டு மானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. அதன் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் அந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மேய்ச்சல் ஆடுகளிடமிருந்துதான் வந்திருக்கும். மங்கோலியாவில் 2016-இல் ஆடுகளிடம் பரவிய நோய், அடுத்த சில மாதங்களில் சைகா மான்களைத் தாக்கி 5,000-க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. கோடியக்கரையில் வெளிமான்கள் இருக்கின்றன, செஞ்சிப் பக்கத்துக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. நாய் கடித்தோ வண்டியில் அடிபட்டோ மான் இறந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கிறது. கத்தி வைத்த கையோடு கொஞ்சம் ரத்தமும் மூக்குச் சளியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதை எல்லா இடத்திலும் வழக்கமாக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை; கேட்பதற்கு ஆள் வேண்டும்.

உலகத்திலிருந்தே இந்த நோயை 2030-க்குள் ஒழிப்பது இலக்கு. நடக்கக்கூடியதுதான். ஒரே தடுப்பூசி எல்லா வகைக்கும் போதும், ஒரு தடவை போட்டால் குறைந்தது 3 ஆண்டு தாங்கும், உடலுக்கு வெளியே வைரஸ் நெடுநேரம் பிழைக்காது. மாட்டு வெக்கை அப்படித்தான் ஒழிந்தது. இந்தியாவில் அதன் கடைசித் தாக்குதல் 1995-இல் இதே தமிழ்நாட்டில், வடாற்காட்டில் பதிவானது. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள்.

ஆட்டுக்கொல்லியை உயிரோடு வைத்திருப்பது நம் அவசரம். ஆடு சோர்ந்து மூக்கு ஒழுகினால், சாவதற்குள் காசாக்கிவிடலாம் என்று செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆடுதான் சேமிப்பு என்று இருக்கும் வீட்டில் அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனாலும் அந்த ஓர் ஆடு மூச்சாலேயே பத்துப் பட்டிக்கு நோயைக் கொடுத்துவிடும். சந்தைக்குப் பதில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். எத்தனை ஆடு படுத்திருக்கிறது, அண்மையில் சந்தையில் ஏதும் வாங்கினீர்களா என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதே எடுத்த மூக்குச் சளியில்தான் வைரஸ் நன்றாகச் சிக்கும். புதிதாக வாங்கிய ஆட்டை 21 நாள் தனியாகக் கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் தனியாக வைத்து, அதன் பிறகே பட்டியில் சேர்க்க வேண்டும்.