நான்கு கட்டங்களில் ஒரு கதை

"எனக்கு வரைய வராது." படக்கதை வரையச் சொன்னால், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் பின்வாங்குகிறார்கள். சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கியவர்கள்தான் இவர்களும். ஓவியப் பாடத்தில் தொடங்கினால் அந்தத் தயக்கம் இன்னும் இறுகும். கதையிலிருந்து தொடங்குவதே சரி.

கார்ட்டூனிஸ்ட் சரத் சர்மா தொடங்கிய 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' அமைப்பு, ஓவியம் கற்காதவர்களையே காமிக்ஸ் வரைய வைத்துவருகிறது. இரண்டு ஏ4 தாள், நான்கு கட்டம், கறுப்பு மை. தாள்களைச் சேர்த்து ஒட்டினால் ஏ3 அளவில் ஒரு சுவரொட்டிக் கதை; ஜெராக்ஸ் எடுத்து ஊரெங்கும் ஒட்டலாம். பிள்ளைகளுக்கும் இந்த அளவுதான் பொருத்தம். பத்துப் பக்கம் வரையச் சொன்னால் பாதியிலேயே சலித்துவிடும்.

கதை பிள்ளையின் அன்றாடத்திலிருந்தே வரட்டும். வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் நோட்டைத் திண்ணையில் போட்டுவிட்டு ஒரு சிறுமி விளையாட ஓடுகிறாள். இரண்டாவதில் ஆட்டின் வாயில் நோட்டின் அட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் டீச்சர் முன் நிற்கிறாள். சொல்வதை யாரும் நம்பவில்லை. நான்காவதில் சாட்சிக்கு ஆட்டையே வகுப்புக்கு இழுத்து வருகிறாள்.

இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஓர் இரவு கழிந்திருக்கிறது. அழுதிருப்பாள், அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பாள். அதை யாரும் வரையவில்லை. வாசிப்பவர் தானே நிரப்பிக்கொள்கிறார். காமிக்ஸின் உயிரே இந்த இடைவெளியில் இருக்கிறது என்பதை காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் வெளியான தம் நூலில் படக்கதை வடிவத்திலேயே விளக்கினார். எதை வரைவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் பிள்ளை கற்க வேண்டிய முதன்மையான வித்தை. குச்சி மனிதர்களை வரைந்துகொண்டே அதைக் கற்றுவிடலாம். புருவத்தை உள்பக்கம் சாய்த்தால் கோபம், வெளிப்பக்கம் சாய்த்தால் சோகம். தொடக்கத்துக்கு இது போதும்.

பேச்சைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பலூனை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் எழுத்தைத் திணிப்பது பல பிள்ளைகள் செய்வது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரி முட்டி, கடைசி எழுத்துகள் எறும்பாகிவிடும். முதலில் எழுதட்டும், பிறகு அதைச் சுற்றிப் பலூன் போடட்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பதிலைப் படித்த பிறகுதான் கேள்வி கண்ணில் படும்.

பலூனுக்குள் பாடப்புத்தக நடையும் வேண்டாம். "ஆடு என் நோட்டைத் தின்றுவிட்டது" என்று எந்தச் சிறுமியும் அழுதுகொண்டே சொல்வதில்லை. "ஆடு தின்னுட்டு டீச்சர்" என்று நெல்லைப் பிள்ளை எழுதினால் அதைத் திருத்த வேண்டாம். அந்தப் பேச்சுக்குக் காமிக்ஸில் இடம் கிடைத்தது குறைவு. 1972-ல் தமிழில் முத்து காமிக்ஸ் முதல் இதழின் நாயகனாக வந்த இரும்புக்கை மாயாவியே பிரிட்டனிலிருந்து வந்தவர். தலைமுறைகளாக நம் பிள்ளைகள் விரும்பிப் படித்த காமிக்ஸில் பெரும்பகுதி இப்படி மொழிபெயர்க்கப்பட்டு வந்ததே. தங்கள் தெருவின் பேச்சை ஒரு கட்டத்துக்குள் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கிவிடும். மேலே கறுப்புப் பேனாவால் வரைய வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விடாவிட்டால் எழுத்து வெட்டுப்படும். பெரியவர்கள் செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டு: "இப்படிப் போடு" என்று பென்சிலை வாங்கி ஒரு கோடு இழுத்துக் காட்டுவது. அந்தக் கோட்டுக்குப் பிறகு அது பிள்ளையின் கதை இல்லை.

திருத்தத்துக்கு வேறு வழி இருக்கிறது. கதையே தெரியாத இன்னொரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. படிப்பவர் எந்தக் கட்டத்தில் "இது யாரு?" என்று கேட்கிறாரோ, அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி வரைந்தால் போதும்.