இரண்டே எழுத்து, எத்தனை பொருள்!

நடுவர் அவர்களே! எழுத்தைச் சுருக்கினால் நேரம் மிச்சமாகும் என்றார் எதிரணி நண்பர். யாருடைய நேரம்? அதுதான் என் கேள்வி.

'ஓ.டி.' என்ற இரண்டெழுத்தை எடுத்துக்குவோம். என் மாணவன் வந்து, "ஐயா, ஓ.டி. வேணும்"னு கேட்டா, அது 'ஆன் டூட்டி'. விழாவுக்குப் போறான், வகுப்புக்கு வந்ததா வருகைப்பதிவு போடணும். வங்கியிலே போய் ஓ.டி. கேட்டா, அது 'ஓவர்டிராஃப்ட்'. கணக்கிலே இல்லாத பணத்தை எடுக்கிற வசதி. ஆக, இரண்டு இடத்திலேயும் இல்லாததை இருக்கிறதா ஆக்குறதுதான் ஓ.டி.க்கு வேலை! (சிரிப்பு)

இப்ப மருந்துச் சீட்டுக்கு வாங்க. நம்ம ஊர் மருத்துவர் ஓ.டி. என்று எழுதினால், நாளுக்கு ஒரு வேளை. லத்தீனில் 'ஓம்னி டியே', அதாவது நாள்தோறும். ஆனால் அதே லத்தீனில் 'ஓக்குலஸ் டெக்ஸ்டர்' என்று இன்னொரு ஓ.டி. இருக்கிறது. அதற்கு வலது கண் என்று பொருள்! பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும்கூட வலது கண் ஓ.டி.தான். இடது கண்ணுக்குப் போனால் வழி பிரிகிறது: லத்தீனில் ஓ.எஸ்., பிரெஞ்சில் ஓ.ஜி., ஸ்பானியத்தில் ஓ.ஐ. ஆங்கிலப் பேச்சிலோ ஓ.டி. என்றால் 'ஓவர்டோஸ்', அளவு மீறிய மருந்து. ஒரு வேளைக்கும் அதே எழுத்து, அளவு மீறினதுக்கும் அதே எழுத்து!

இது சிரிச்சிட்டுப் போற விஷயம் இல்லீங்க. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளை ஆராய்கிற ஒரு நிறுவனம், தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் ஓ.டி.யைச் சேர்த்திருக்கிறது. காரணம் என்ன? 'தினமும்' என்று எழுதியதை 'வலது கண்' என்று படித்தால், குடிக்க வேண்டிய மருந்து கண்ணுக்குள் போய்விடும்!

நம்ம மருந்துக் கடைக்காரர் உறை மேலே 1-0-0 என்று எழுதுகிறார். "அதுவும் சுருக்கம்தானே?" என்பார் எதிரணி நண்பர். ஆமாம். ஆனா அவர் அதோட நிறுத்தலியே! "பாட்டி, காலையிலே ஒண்ணு, மத்தியானமும் ராத்திரியும் வேணாம்"னு வாயாலே சொல்லித்தானே கையிலே தர்றார்!

எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒரே பொருள் தெரிந்திருந்தால் அது சுருக்கம். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அது சிக்கல். எழுதுகிறவருக்கு மிச்சம் அரை நொடி; படிக்கிறவர் அதற்குக் கண்ணையே விலை கொடுக்கலாமா? தீர்ப்பு உங்கள் கையில். (கைதட்டல்)