பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு முதுகு ஊசி!

குழந்தைகள் அவசரப் பிரிவின் பச்சைத் திரையை லேசாக விலக்கிப் பார்ப்போமா? சத்தம் போடாமல் வாருங்கள். உள்ளே ஓடுவது அசல் துப்பறியும் கதை!

அடிக்கடி வருகிற கேஸ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பத்து மாதக் குழந்தை. அனலாய்க் கொதித்த உடம்பு திடீரென்று வெட்டி வெட்டி இழுத்து, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. (கையில் சாவிக்கொத்தைத் திணித்ததால்தான் நின்றது என்று பாட்டி சாதிப்பார். விடுங்கள், அது தானாகவே நின்றிருக்கும்.) ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இந்தக் காய்ச்சல் ஃபிட்ஸ் வருவதுண்டு. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் டாக்டர் மண்டையைக் குடையும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே மூளைக்காய்ச்சல் ஒளிந்திருக்கிறதா? முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தண்ணீரை எடுத்துப் பார்த்துவிடலாமா?

ஒரு காலத்தில் இதில் அதிகம் யோசிக்க இடமில்லை. 'ஒரு வயதுக்குள் என்றால் எடுப்பதைத் தீவிரமாகப் பரிசீலியுங்கள்' என்றது 1996-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. அப்புறம்தான் திருப்பம்! பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், முதல்முறை சாதாரண ஃபிட்ஸோடு வந்த 6 முதல் 18 மாதக் குழந்தைகள் 704 பேரின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்கள். 2009-ல் முடிவு வெளியானது. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் எத்தனை பேருக்கு? பூஜ்யம்! மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப், நியூமோகாக்கஸ் பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் அந்த வில்லன்களைப் பெருமளவு விரட்டிவிட்டிருந்தன. 2011-ல் அகாடமியும் தன் விதியைத் தளர்த்தியது.

அதனால்தான் இப்போது டாக்டர் ஊசியைத் தேடுவதற்கு முன்னால் அம்மாவிடம் திரும்பி, "தடுப்பூசி அட்டை எங்கம்மா?" என்கிறார். அடுத்த கேள்வி, "ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீங்களா?" ஏற்கெனவே உள்ளே போன மருந்து நோயின் அடையாளத்தை மறைத்துவிடும், அதுதான் சிக்கல். பேசிக்கொண்டே உச்சிக்குழியைத் தடவுகிறார். புடைத்திருக்கிறதா? தூக்கினால் அழுகை அடங்குகிறதா, கூடுகிறதா? பால் குடிக்கிறதா? கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலேகூட மூளைக்காய்ச்சல் இருக்கலாம், அதனால்தான் இத்தனை ஆராய்ச்சி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ சந்தேகம் கூடும். ஆறு மாதத்துக்கும் கீழே என்றால் கணக்கே வேறு. ஃபிட்ஸ் நின்று அரை மணி ஆகியும் குழந்தை தெளியவில்லையா? எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும்.

சரி, எடுப்பது என்று முடிவாகிவிட்டால்? நாயகன் ஊசி பிடிப்பவர் அல்ல, குழந்தையைப் பிடிப்பவர்! கைதேர்ந்த நர்ஸம்மா குழந்தையை இறால் போலச் சுருட்டிப் பிடிப்பார், ஆனால் கழுத்தை அழுத்த மாட்டார், மூச்சு முட்டிவிடும். இடுப்பெலும்பின் இரு மேடுகளையும் இணைக்கும் கோட்டருகே ஊசி இறங்குகிறது. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், கால் முடங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். சிரிஞ்சால் இழுப்பதும் இல்லை, சொட்டுச் சொட்டாகத் தானே விழும். நல்ல திரவம் குடிதண்ணீர் மாதிரி பளிச்சென்று இருக்கும்! ஒரு சிவப்பணுகூடக் கலக்காமல் எடுத்துவிட்டால் மேல்நாட்டு மருத்துவமனைகளில் அதற்கு 'ஷாம்பெய்ன் டேப்' என்றே பெயர். ஜூனியருக்கு சீனியர் ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டுமாம்!

மூச்சு சரியில்லை, மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றால் ஊசி காத்திருக்கும், ஆன்டிபயாடிக் காத்திருக்காது.

ஹிப் பாதுகாப்பு தரும் பென்டாவேலன்ட் தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் 2011-லும், நியூமோகாக்கல் தடுப்பூசி 2021-லும் வந்துவிட்டன, இரண்டும் இலவசம். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தடுப்பூசி அட்டையையும், கொடுத்த மருந்து பாட்டிலையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.